மின்சாரம் காத்திருக்கும் ஆறு

மேட்டூரில் மதகு உயர்ந்தால்தான் சுழலிகள் ஓடும். மின்சாரத்துக்கென்று தனியே தண்ணீர் விடுவதில்லை; பாசனமோ குடிநீரோ கேட்டால் நீர் இறங்கும், இறங்கும் வழியில் மின்சாரம் எடுக்கப்படும். அதனால்தான் பாசனத்துக்கு வழக்கமாக அணை திறக்கப்படும் ஜூன் 12 நெருங்கும்போது டெல்டா உழவர்களோடு மின்வாரியமும் அணையின் நீர்மட்டத்தைப் பார்த்திருக்கிறது.

மேல்காவிரியில் கதை நேர்மாறாகத் தொடங்கியது. 1902-இல் சிவசமுத்திரம் அருவியில் எடுத்த மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பிவழி சென்று கோலார் தங்கச் சுரங்கங்களை இயக்கியது. அந்தக் காலத்துக்கு அது வியப்பூட்டும் தொலைவு! 1905-இல் பெங்களூருத் தெருவிளக்குகளும் எரிந்தன. கோடையில் ஆறு மெலியும்போது மின்சாரமும் மெலிந்தது. ஆண்டு முழுவதும் சீரான நீர் வேண்டும் என்ற இந்தத் தேவை கிருஷ்ணராஜசாகர் அணை எழ ஒரு முக்கியக் காரணம். கீழே நெல் விளைவிக்கும் சென்னை மாகாணம் சும்மா இருக்குமா? நெடிய வழக்குக்குப் பின் 1924-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. மறு ஆண்டே மேட்டூர் வேலை தொடங்கி, 1934-இல் முடிந்தது.

120 அடி உயரத்துக்கு 93.47 டி.எம்.சி. நீரைத் தேக்கும் அந்த அணை டெல்டா வயல்களுக்காகவே கட்டப்பட்டது. மின்சாரம் அதன் துணைப்பயன்தான் என்றாலும் சிறியதல்ல. அணை மின் நிலையத்தின் திறன் 50 மெகாவாட், சுரங்க மின் நிலையத்தின் திறன் 200 மெகாவாட். அங்கிருந்து வெளியேறும் அதே நீர் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை எனக் கதவணை கதவணையாக நின்று, ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் வரை தந்துவிட்டு முக்கொம்புக்கும் கல்லணைக்கும் போகிறது. ஒரே நீரிடம் இத்தனை முறை வேலை வாங்கிக்கொள்வது தமிழகப் பொறியாளர்கள் பெருமைப்பட வேண்டிய ஏற்பாடு.

மின்சாரத்துக்கு இப்படி உழைக்கும் காவிரி, படகுப் போக்குவரத்துக்கு எளிதில் இடம் தருவதில்லை. ஒகேனக்கல் பாறைகளுக்கு நடுவே பரிசல்தான் செல்லும். 2016-இன் தேசிய நீர்வழிச் சட்டம் காவிரி–கொள்ளிடத்தையும் பட்டியலில் சேர்த்தது. ஆனால் பாதி ஆண்டு மணல் தெரியும் ஆற்றில் சரக்குக் கப்பலை எதிர்பார்ப்பது வீண்.

பூலாம்பட்டியில் நிலைமை வேறு. மின்சாரத்துக்காகக் கதவணையில் தேக்கிய நீர் அங்கே அகன்று ஆழமாக நிற்பதால், சேலம் மாவட்டக் கரையிலிருந்து ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகு ஓடுகிறது. மேட்டூரில் உபரிநீர் பெருமளவில் திறக்கப்படும் நாட்களில் படகுகளைக் கரையில் கட்டிவிடுகிறார்கள். அக்கரைக்குப் போகவேண்டியவர்கள் சாலை வழியே சுற்றிப் போகிறார்கள்.