கிளட்ச் பெடல் போன பிறகு

கிளட்ச் பெடலை மிதித்தே வண்டி ஓட்டிப் பழகியவர்கள் நாம். கிளட்ச் தேய்ந்துவிட்டால் நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஏற்றத்தில் எஞ்சின் இரையும், வண்டி ஏறாது, கருகல் வாடை வரும். இடது காலுக்கே தெரிந்துவிடும்.

அந்தப் பெடல் இல்லாத கார் ஒன்றை ஜெனரல் மோட்டார்ஸ் 1939இல் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் வந்த அந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் பெயர் ஹைட்ரா-மேட்டிக். அதை உருவாக்கிய குழுவின் தலைவர் ஏர்ல் தாம்சன். கியர் மாற்றும்போது கறகறவென்று சத்தம் வராமல் தடுக்கும் சிங்க்ரோமெஷ்ஷும் அவர் தந்ததுதான்.

பெடல்தான் போனது, கிளட்ச் போகவில்லை. ஒன்று இரண்டாகி, ஆயிலில் நனைந்தபடி பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இனி ஓட்டுபவர் காலுக்கு ஒன்றும் தெரியாது. பெட்டியைப் பிரிப்பதோ பெரிய வேலை, பெரிய செலவு. பிரிக்காமல் நோயைக் கண்டுபிடிப்பது எப்படி?

விடை அந்தப் பெட்டியின் அமைப்பிலேயே இருந்தது. முன்னால் ஒரு கிளட்ச், ஒரு பட்டை. பின்னால் ஒரு கிளட்ச், ஒரு பட்டை. முதல் கியரில் இரண்டு பட்டைகளும் பிடிக்கும். இரண்டாவதில் முன் கிளட்ச்சும் பின் பட்டையும். மூன்றாவதில் முன் பட்டையும் பின் கிளட்ச்சும். நான்காவதில் இரண்டு கிளட்ச்சுகளும்.

ஆகவே 2, 4 கியர்களில் மட்டும் வழுக்கினால் சந்தேகம் முன் கிளட்ச் மேல். 3, 4இல் வழுக்கினால் பின் கிளட்ச். எல்லாவற்றிலும் வழுக்கினால் முதலில் ஆயில் அளவையும் பம்பையும் பார்க்க வேண்டும். வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பதைப் போலத்தான்.

அடுத்து ஆயில். கறுத்துக் கருகல் வாடை அடித்தால் கிளட்ச் தட்டு எரிந்திருக்கலாம். பிறகு பிரஷர் கேஜ். அழுத்தம் சரியாக இருந்தும் வழுக்கினால் தட்டுகள் தேய்ந்திருக்கும். அழுத்தமே குறைவென்றால் குற்றவாளி பம்ப், வால்வு அல்லது ஏதோ ஒரு கசிவு. அதைச் சரிசெய்யாமல் புதுத் தட்டு போட்டால் அதுவும் எரிந்துபோகும்.

இன்றைய பெட்டிகளில் கியர்கள் கூடிவிட்டன, கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனாலும் எந்த கியருக்கு எந்த கிளட்ச் என்ற அட்டவணை சர்வீஸ் புத்தகங்களில் இன்னும் இருக்கிறது. "உள்ளே கிளட்ச் போச்சு சார், இறக்கணும்" என்று யாராவது சொன்னால் மூன்றே கேள்வி கேளுங்கள். எந்த கியரில் வழுக்குகிறது? ஆயில் எப்படி இருக்கிறது? அழுத்தம் அளந்தீர்களா? பதில் வந்த பிறகு இறக்கச் சொல்லலாம்.