விழுந்த பழமும் இளஞ்சூட்டுப் பாலும்

நல்ல விளாம்பழத்தைப் பறிப்பதில்லை, பொறுக்குவார்கள். மன்னார், வவுனியா, அநுராதபுரம், அம்பாந்தோட்டை என்று இலங்கையின் உலர் வலயம் முழுக்க விளாத்தி நிற்கிறது. பெரும்பாலும் யாரும் நட்ட மரங்கள் அல்ல; குளக்கட்டிலும் பற்றைக்காட்டிலும் தாமாக முளைத்தவை. விதையிலிருந்து வளர்ந்த மரம் காய்க்க 15 ஆண்டுகளாவது ஆகும் என்பதால் இதைத் தோட்டமாக வைக்க யாருக்கும் மனம் வருவதில்லை. பழத்தை யானை ஓட்டோடு விழுங்கி, விதையைச் சாணத்தோடு வேறொரு காட்டில் போட்டுவிட்டுப் போகும். எலுமிச்சையும் தோடையும் விளாத்தியின் குடும்பத்தார்தான். அவற்றின் புளிப்பு இதற்கும் உண்டு, அவற்றின் செல்வாக்குத்தான் வாய்க்கவில்லை.

முற்றிய காய்களைப் பறித்து, வெயிலில் இரண்டு கிழமை பரப்பிப் பழுக்கவைப்பதும் உண்டு. சாக்கில் கட்டப்பட்டு லொறி ஏறினால் அவை கொழும்பின் மொத்தச் சந்தைக்கு வந்துவிடும். புறக்கோட்டையில் இருந்த அந்த மெனிங் சந்தை 2020 நவம்பரில் பேலியகொடைக்கு மாறிவிட்டது. கொழும்பு வெள்ளவத்தைக்கு வரும் பழத்துக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. அங்குள்ள காலி வீதியிலிருந்து இரவில் புறப்பட்டு யாழ்ப்பாணம் போய்த் திரும்பும் பேருந்துகளின் வயிற்றில், முருங்கைக்காய்க்கும் ஒடியலுக்கும் பக்கத்தில், உறவுக்காரர் கட்டிக்கொடுத்த பையாக அது வந்து இறங்கும். யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை உள்நாட்டுப் போரால் மூடிக் கிடந்த காலங்களில் இந்த வழி இல்லை. போர்நிறுத்தத்தோடு 2002இல் திறந்த பாதை, 2006 ஆகஸ்டில் மறுபடி மூடி, போர் முடிந்த 2009இல்தான் திறந்தது. வன்னியில் பழம் விழுந்துகொண்டேதான் இருந்தது. கொழும்பில் இருந்த சொந்தக்காரருக்கு அதை அனுப்பத்தான் வழியில்லாமல் போனது. பழத்தோடு வந்த பனங்கட்டிக்கும் அதே கதி. பனையோலைக் குட்டானில் வார்த்த பனங்கட்டி இப்போது வெள்ளவத்தைக் கடைகளில் தாராளமாகத் தொங்குகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

வெள்ளவத்தைச் சந்தையில் தெரிந்த வியாபாரி என்றால் முதலில் ஒன்று கேட்பார்: “அக்கா, இண்டைக்கே உடைக்கவோ, ரெண்டு நாள் கழிச்சோ?” பதிலுக்கு ஏற்றபடி கை வேறு வேறு குவியலுக்குப் போகும். தெரியாதவரிடம் வாங்கினால் நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு சாண் உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் போட்டால் காய் துள்ளும். பழம் விழுந்த இடத்திலேயே மந்தமான சத்தத்தோடு இருந்துவிடும். பிறகு முகர்ந்து பார்க்க வேண்டும். பழுத்த விளாம்பழத்தின் வாசனை சிலருக்கு ஆகாது, புளித்துப்போனது போல மூக்கில் ஏறும் என்பார்கள். எனக்கு அந்த வாசனை வந்தால்தான் பழம்.

தமிழ்நாட்டில் இதை வெல்லம் போட்டுப் பிசைந்து பிள்ளையாருக்குப் படைப்பார்கள். இலங்கையில் சிங்களவரும் தமிழரும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கரைத்துக் குடிப்பார்கள். பெரும்பாலோர் அதைக் குளிரக் குடிக்கவே விரும்புவர். மழை மாதத்தில் அதை இளஞ்சூட்டில் குடிக்க வேண்டும் என்பது என் கட்சி.

கத்தியின் முதுகால் இரண்டு அடி கொடுத்தால் ஓடு விரியும். உள்ளே கபில நிறத்தில் பிசுபிசுத்த சதை, நாரும் வெள்ளை விதைகளுமாக இருக்கும். கரண்டியால் வழித்து, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, கையால் பிசைந்து, கண் பெரிய வடியில் வடிக்க வேண்டும். மிக்சியில் போட்டால் விதை அரைபட்டுக் கசந்துவிடும். இந்தச் சதையில் ஜாமை இறுக வைக்கும் பெக்டின் இருக்கிறது. பானம் கூழ்போலத் திரண்டு தொண்டையில் வழுக்கிப் போவது அதனால்தான். இன்னொரு சட்டியில் பனங்கட்டியைத் தண்ணீரில் கரைத்து, தட்டிய இஞ்சி, இரண்டு ஏலக்காய், ஒரு துண்டுக் கறுவா போட்டுக் கொதிக்கவிட்டு வடித்துக்கொள்ளலாம்.

கறுவாவின் கதை வேறு. அதற்காகப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இந்தக் கரையில் சண்டை பிடித்தார்கள். ஒல்லாந்தர் காட்டுக் கறுவாவைத் தோட்டப்பயிராக்கிய நிலம்தான் இன்றைய கொழும்பு 7, கறுவாத்தோட்டம். 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக் கறுவாவுக்குப் புவிசார் குறியீடும் கொடுத்தது. விளாம்பழத்துக்காக எந்தக் கப்பலும் வரவில்லை. இந்தச் சட்டியில் பழம்தான் தலைவர், கறுவா துணைக்கு வந்தது. அளவு கூடினால் பழத்தின் வாசனையை அமுக்கிவிடும்.

பால்தான் சிக்கலான இடம். பசுப்பாலில் விளாம்பழச் சாறு பட்டால் உடனே திரியும். தேங்காய்ப்பால் அப்படிக் கட்டிபடாது. ஆனாலும் புளிப்போடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் எண்ணெய் மேலே மிதந்து, அடியில் தண்ணீர் தங்கிவிடும். ஆகவே பிந்திப் பிழிந்த நீர்த்த கப்பிப்பாலைப் பனங்கட்டிச் சாற்றில் விட்டுச் சூடாக்கி, தணலைக் குறைத்து முதற்பாலை விட்டு, பொங்கும் முன் இறக்கிவிட வேண்டும். விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான் பழக்கரைசல் சேரலாம். ஒரு கிள்ளு உப்பு போட்டு, மத்தால் நாலு சுழற்று. நிறம் பால் விட்ட தேத்தண்ணி போல வரும். முதலில் புளிப்பும், பிறகு பனங்கட்டியின் இனிப்பும், கடைசியில் தொண்டையில் இஞ்சியும் தெரியும்.

இளஞ்சூட்டில் குடிக்க, கொழும்பில் குளிர்காலம் எங்கே என்று கேட்பார்கள். மார்கழி விடியலில் வெப்பம் 22 பாகைக்கு இறங்குவதே எங்களுக்குப் போதும். திருவெம்பாவைப் பூசைக்காக இருட்டோடு எழுந்து தலைமுழுகி, கொட்டாஞ்சேனையிலிருந்து கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள், அங்கே கருங்கல் தளத்தில் வெறுங்காலோடு நிற்பார்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லால் திருப்பிக் கட்டுவித்த கோயில் அது. விடியலில் கல் சில்லென்று இருக்கும். அங்கிருந்து வீடு திரும்புகிறவர் கையில் கொடுக்க இதைவிட ஏற்ற பானம் எனக்குத் தெரியாது.

மெய்யான பனிக்காலம் இருக்கும் கனடாவின் ஸ்காபரோவுக்கும் லண்டனுக்கும் பழம் ஓட்டோடு போவது அரிது. போத்தலில் ஜாமாகவும், தகரத்தில் பானமாகவும், உறைந்த சதையாகவும் போகிறது. ஜாமிலும் தகரத்திலும் சீனி முந்திக்கொள்ளும். உறைந்த சதை கிடைத்தால் அதையே வாங்குங்கள். பனி முழுக்க உருகிய பிறகே பாலில் சேர்க்க வேண்டும். கலந்ததை அன்றைக்கே குடித்து முடித்துவிடுங்கள். தேங்காய்ப்பால் மறுநாள் வரை தாங்காது.