அலிபிரியும் இளையாழ்வாரும்

அலிபிரியில் படியேறத் தொடங்கும்போது என் பேரன், "தாத்தா, எனக்கு ஏன் லக்ஷ்மணன்னு பேர் வெச்சீங்க? ஸ்கூல்ல எல்லாரும் லக்கின்னுதான் கூப்பிடறாங்க" என்றான்.

அவனுக்கு இராமாநுசர் கதையைச் சொன்னேன். 1017-இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்ததாகக் கூறப்படும் அவருக்கு, இலக்குமணனை நினைந்து 'இளையாழ்வார்' என்று திருநாமம் சூட்டியவர் தாய்மாமன் பெரிய திருமலை நம்பி. அதே மாமனிடம்தான் பின்னாளில், இந்த மலையடிவாரத்தில் ஓராண்டு தங்கி அவர் இராமாயணம் கற்றார் என்கின்றன குருபரம்பரை நூல்கள். பேர் கொடுத்தவரே அந்தப் பேருக்குரிய கதையையும் கொடுத்தார்!

இராமாநுசரும் காரணத்தோடுதான் பெயரிட்டார். விஷ்ணு புராணம் அருளிய பராசரரின் பெயரைக் கூரத்தாழ்வானின் மகனுக்கு வைத்தார். ஆளவந்தாரின் நிறைவேறாத ஆசைகளுள் ஒன்று அவ்வாறு நிறைவேறியது.

நானோ பேர் வைத்ததோடு நின்றுவிட்டேன்; கதை சொல்லவில்லை. வெளிமாநிலத்தில் வாழும் நம்மில் பலரும் இப்படித்தான். பள்ளியில் தமிழ் கிடைக்காத பிள்ளைக்கு, அதன் பேரே முதல் பாடமாகலாம் அல்லவா? அதைச் சொல்லித்தர நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

காலி கோபுரம் வருவதற்குள் ஊர்மிளை வரை வந்துவிட்டோம். "அப்புறம் என்னாச்சு தாத்தா?" என்றான்.