ஒன்றரைக்கு ஒன்று: வடசென்னையில் அசைவுக் கோளாறுகளும் ஆண்-பெண் கணக்கும்

பெண்களைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆண்களுக்குப் பார்க்கின்சன் நோய் வருகிறது என்பது நரம்பியல் பாடநூல்கள் தரும் கணக்கு. இந்த ஒற்றை எண்ணுக்குள் மூன்று வெவ்வேறு கணக்குகள் கலந்து கிடக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்: உடலின் கணக்கு, தொழிலின் கணக்கு, மருத்துவமனை வாசலைத் தொட்டவர்களின் கணக்கு. ஆணும் பெண்ணும் வெவ்வேறு வேலை பார்த்து, ஒரே காற்றைச் சுவாசிக்கும் ராயபுரம்-திருவொற்றியூர்-எண்ணூர் கரையோரம் இம்மூன்றையும் பிரித்தறிய ஏற்ற இடம்.

கலப்பு தொடக்கத்திலேயே நேர்ந்தது. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் வெளியிட்ட சிறுநூலில் வரும் ஆறு நோயாளிகளும் ஆண்கள். சிலரை அவர் தெருவில்தான் கண்டார். அவர்களுள் ஒருவர் முன்னாள் மாலுமி. பெண்ணின் நடுங்கிய கை எதுவும் அந்நூலில் ஏறவில்லை.

உடலின் கணக்கு

உயிரியல் வேறுபாடு உண்மையானது. பெண்களுக்கு நோய் சராசரியாக ஓரிரு ஆண்டுகள் பிந்தித் தொடங்குகிறது. நடுக்கமே முதல் அறிகுறியாக வருவதும் அவர்களிடம் அதிகம். ஈஸ்ட்ரோஜன் மூளையின் டோபமைன் செல்களைக் காக்கிறது என்ற கருதுகோளுக்கு விலங்காய்வுகள் துணை நிற்கின்றன. கனவில் நடப்பதை உறக்கத்திலேயே கைகாலை வீசிச் செய்யும் கோளாறு ஆண்களிடம் மிகுதி. வலியும் பதற்றமும் மனச்சோர்வும் பெண்களிடம் மிகுதி.

ஆனால் அசைவுக் கோளாறுகள் யாவும் ஒரே பக்கம் சாய்வதில்லை. கழுத்தைத் திருக்கும் டிஸ்டோனியாவும் கண்ணிமை இறுக்கமும் பெண்களிடமே அதிகம். எழுதும்போது மட்டும் கை முறுக்கிக்கொள்ளும் கோளாறு ஆண்களிடம் அதிகம். தன்னையறியாமல் உடலும் குரலும் துடிக்கும் டூரெட் நோய்க்குறி சிறுவர்களை மூன்று நான்கு மடங்கு கூடுதலாகப் பிடிக்கிறது. ருமாட்டிக் காய்ச்சலை அடுத்து வரும், கைகால் தானாக ஆடும் சிடன்ஹாம் கொரியா சிறுமியரைக் கூடுதலாகப் பிடிக்கிறது. பார்க்கின்சன் நோயிலும், ஜப்பானியக் கணக்கெடுப்புகள் பலவற்றில் பெண்களே அதிகம். ஹார்மோன் ஒன்றே காரணமென்றால் கடல் தாண்டியதும் விகிதம் தலைகீழாக முடியாது.

தொழிலின் கணக்கு

திருவொற்றியூரின் என்ஃபீல்டு, எண்ணூரின் அசோக் லேலண்ட், மணலியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, இவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறைகள், காசிமேட்டில் விசைப்படகு பழுதுபார்க்கும் இடங்கள் என வெல்டிங் நடக்கும் இடமெல்லாம் பெரும்பாலும் ஆண்களுடையவை. வெல்டிங் ராடுகளில் மாங்கனீசு உண்டு. மாங்கனீசுத் தாது அரைத்த தொழிலாளரின் நடை தளர்ந்ததை ஸ்காட்லாந்தில் ஜான் கூப்பர் 1837-லேயே பதிவு செய்தார். வெல்டர்களிடம் வழக்கமான பார்க்கின்சன் நோய் கூடுகிறதா என்பதில் ஆய்வுகள் உடன்படவில்லை. ஆனால் மாங்கனீசு நஞ்சால் வருவது வேறு நோய்: பெரும்பாலும் இரு பக்கமும் ஒரே அளவில் தாக்கும், பார்க்கின்சனுக்கு வழக்கமாகக் கொடுக்கும் லெவோடோபா மருந்துக்குச் சரிவரக் கட்டுப்படாது. வேலை விவரம் கேட்காத புறநோயாளிப் பிரிவில் இதுவும் ஆண்களின் பார்க்கின்சன் எண்ணிக்கையில் சேர்ந்துவிடக்கூடும்.

ஊர்த் தூசி அப்படியல்ல. உயர் நீதிமன்ற உத்தரவை அடுத்து 2011-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து எண்ணூருக்கு நகர்ந்த நிலக்கரியின் தூசியும், 1970-ல் தொடங்கி 2017-ல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையத்தின் சாம்பலும் ஆண் பெண் பார்த்து இறங்கியவை அல்ல. மாசுக்கு இந்நோயில் பெரும் பங்கு இருக்குமானால், இந்தக் கரையில் விகிதம் ஒன்றுக்கு ஒன்றை நெருங்க வேண்டும். தொழிலிடத்து நஞ்சுக்குப் பெரும் பங்கு இருக்குமானால் ஒன்றரையைத் தாண்ட வேண்டும்.

பெண்கள் பக்கத்திலும் வேறு நோய் ஒன்று கலந்திருக்கிறது. அது மருந்துச் சீட்டு வழியாக வருவது. தலைச்சுற்றலுக்குச் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கு ஃப்ளூனரிசின், வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு, வயிற்று உப்புசத்துக்குப் பேன்டோப்ரசோலுடன் ஒரே மாத்திரையாக வரும் லெவோசல்பிரைடு ஆகிய எல்லாமே டோபமைனைத் தடுத்துப் பார்க்கின்சன் போன்ற நிலையை உண்டாக்க வல்லவை. இதில் சிக்குவோரில் வயதான பெண்களே அதிகம். மருந்தை நிறுத்தினால் பலருக்குச் சில மாதங்களில் குணமாகும். பழைய சீட்டைப் புரட்டாமல் லெவோடோபா எழுதுவது, ஒரு மருந்தின் கேட்டுக்கு இன்னொரு மருந்தை ஆயுள் முழுக்கச் சுமத்துவதாகும்.

வாசலைத் தொடாதவர்கள்

வெல்டரின் கை நடுங்கினால் அன்றே மேஸ்திரிக்குத் தெரியும். வீட்டுப் பெண்ணின் கை மந்தமானால் வயசு என்றும் நரம்புத் தளர்ச்சி என்றும் பேசிக் கடத்திவிட முடிகிறது. நோயைத் தேடும் வினாக்களும் இதற்கு உடந்தை. கையெழுத்து சிறுத்துவிட்டதா, சட்டைப் பொத்தான் போட முடிகிறதா என்பவை வழக்கமான கேள்விகள். விடியலில் காசிமேட்டில் ஏலம் எடுத்துத் தெருத்தெருவாக மீன் விற்கும், எழுதிப் பழகாத பெண்ணிடம் இவை எதையும் பிடிக்கா. மீன் ஆயும் வேகம் குறைந்ததா, நோட்டை எண்ணும்போது விரல் தடுக்கிறதா, புடவைக் கொசுவம் மடிக்க நேரமாகிறதா என்று அவரிடம் கேட்க வேண்டும். கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களிடம் கேட்க வேண்டியவை இன்னும் வேறு.

மருத்துவமனைக்கு வந்த பிறகும் சமநிலை இல்லை. பராமரிப்பவர் இருப்பதாகச் சொன்னோர் ஆண்களில் பத்துக்கு ஒன்பது பேர், பெண்களில் எட்டு பேர் என்று வட அமெரிக்கா, நெதர்லாந்து, இஸ்ரேல் நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. ஆழ்மூளைத் தூண்டல் அறுவை சிகிச்சையும் பெண்களுக்குக் குறைவாகவே செய்யப்படுகிறது. உடல் எடை குறைந்தவருக்கும் அதே அளவு லெவோடோபா கொடுக்கப்படுவதால், மருந்தினால் வரும் கட்டுக்கடங்காத ஆட்டம் பெண்களிடம் கூடுதலாகத் தெரிகிறது என்பது பலர் ஏற்கும் விளக்கம்.

எண்ண வேண்டிய முறை

எனவே ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் பதிவேட்டை மட்டும் கூட்டி வடசென்னையின் ஆண்-பெண் விகிதத்தைச் சொல்லக் கூடாது. வீடு வீடாக எண்ண வேண்டும். மும்பையில் பார்சி சமூகத்தாரிடம் 1980-களில் அப்படி எண்ணியபோது லட்சத்துக்கு 328 பேருக்கு நோய் இருப்பது தெரிந்தது. தமிழ்நாட்டில் இதற்கு ஓர் அமைப்பு முன்பே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்க வீட்டுக்கே போகிறார்கள். தொழிலை ஒட்டிய நான்கு கேள்விகளை அவர்கள் கேட்கலாம். வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளையும் குறித்துக்கொள்ளலாம். சந்தேகத்துக்குரியவர்களை நரம்பியல் மருத்துவர் பார்த்தால் போதும்.

தன்னார்வலர்கள் பகலில் வருவதால், வேலைக்குப் போன ஆண்கள் விடுபட்டு எண்ணிக்கை பெண்பக்கம் சாயும் என்ற மறுப்பு எழலாம். நியாயமான மறுப்புதான், மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் போவது அதற்கு விடை. விடியலில் கிளம்பும் மீன்காரப் பெண்களையும் அந்த நேரத்தில்தான் பிடிக்க முடியும்.

மருந்தால் வந்தவர்களையும் மாங்கனீசால் வந்தவர்களையும் தனியே பிரித்து, வயதைச் சமன்செய்த பிறகும் விகிதம் ஒன்றரையில் நின்றால், உயிரியல் விளக்கமே வலுப்பெறும். இக்கட்டுரையின் வாதம் அந்த அளவுக்குத் தளரும். விகிதம் ஒன்றை நோக்கி இறங்கினால், இதுவரை நாம் அளந்ததில் ஒரு பகுதி நோயின் அளவல்ல, மருத்துவமனைக்கு வர முடிந்தவர்களின் அளவு என்றாகும். அப்போது திருத்த வேண்டியது பாடநூலின் ஒரு வரி மட்டுமல்ல. பெண்களுக்கான மருந்தளவும், புறநோயாளிப் பிரிவு கேட்கும் கேள்விகளும்தான்.