திருகோணமலை என்றொரு கப்பல்

நாவாய், வங்கம், கலம், அம்பி, தோணி. கப்பலுக்குத் தமிழில் என்னென்ன பெயர் உண்டு என்று கேட்டால் நம் மாணவர்களில் சிலர் சட்டென்று ஐந்தாறு சொல்லிவிடுவார்கள். கப்பலில் ஓட்டை விழுந்தால் என்ன செய்வார்கள், அந்த வேலைக்குப் பெயர் என்ன என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பு அமைதியாகிவிடும். கப்பல் கட்டியதையும் கடல் கடந்ததையும் நாம் பாடமாக நடத்துகிறோம். பழுது பார்த்ததை நடத்துவதே இல்லை. ஆனால் ஒரு மரக்கப்பல் இருநூறு ஆண்டு நிற்கிறது என்றால், அது பழுது பார்த்தவர்களின் கைவேலை.

உதாரணத்துக்குத் தமிழ்ப் பெயர் கொண்ட ஒரு கப்பலையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ்காரர்கள் 1795-இல் டச்சுக்காரர்களிடமிருந்து திருகோணமலைத் துறைமுகத்தைப் பிடித்தார்கள். பிறகு அவர்களுடைய கடற்படைக்காகப் பம்பாயில் கட்டிய ஒரு போர்க்கப்பலுக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள்: எச்.எம்.எஸ். டிரின்கோமலி. கட்டியவர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா என்ற பார்சி தலைமைத் தச்சர். கப்பல் கடலில் இறங்கியது 1817 அக்டோபர் 12 அன்று. நெப்போலியனோடு நடந்த நீண்ட போரில் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்திருந்தது. மலபார்க் காட்டுத் தேக்கு பம்பாய்க்கு எளிதாக வந்து சேரும். அதனால்தான் வேலை அங்கே போனது.

தேக்கு என்பதுதான் இந்தக் கப்பலின் ஆயுள் ரகசியத்தில் பாதி. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு, பூச்சியும் பூஞ்சணமும் எளிதில் அண்டாது. ஓக் மரத்தில் இருக்கும் அமிலம் இரும்பு ஆணியை அரிக்கும். தேக்கில் அந்தத் தொல்லை குறைவு. மீதிப் பாதி, மனிதர்கள் செய்தது.

மரக்கப்பலுக்குக் கடல் நீர்தான் எதிரி என்று நினைப்போம். உண்மையில் மழை நீர்தான் ரொம்ப மோசம். மேல்தளப் பலகை இடுக்கில் இறங்கும் நல்ல தண்ணீர் உள்ளே தேங்கும், பூஞ்சணம் பிடிக்கும், மரம் பொத்துப் போகும். உப்புத் தண்ணீரில் அந்தப் பூஞ்சணம் அவ்வளவாக வளராது. மாலுமிகள் தினமும் தளத்தைக் கடல் நீரால் கழுவியதில் சுத்தம் மட்டுமா இருந்தது? பலகை ஊறி உப்பி, இடுக்குகள் இறுகிக்கொள்ளும். சில நாடுகளில் கப்பலின் விலா மரங்களுக்கு இடையே உப்பையே கொட்டி அடைத்து வைத்தார்கள், கருவாட்டுக்குப் போடுகிற மாதிரி.

பலகைக்கும் பலகைக்கும் இடையே நாரைத் திணித்து, உளியும் சுத்தியலும் கொண்டு அடித்து இறுக்கி, மேலே பிசின் பூசும் வேலைக்குத் தமிழில் கலப்பத்து என்று பெயர். போர்ச்சுகீசியர் வழியாக வந்த சொல். வேலை அதைவிடப் பழையது. நம் கடற்கரைகளில் குங்கிலியம் பூசினார்கள், இங்கே மலாய்ப் படகுக்காரர்கள் டாமார் பூசினார்கள். குங்கிலிய மரமும் நம் காட்டு மெராந்தியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இதை அறிவியல் ஆசிரியரிடம் சொன்னால் அவரும் ஒரு பாடத்துக்கு உங்களோடு சேர்ந்துகொள்வார்.

அடியில் இன்னொரு எதிரி, மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு. புழு என்று பெயரே தவிர அது சிப்பி இனம். அதைத் தடுக்க இந்தியக் கப்பல்களுக்குச் சுண்ணாம்பும் எண்ணெயும் கலந்து பூசினார்கள். பிரிட்டிஷ் கடற்படை செப்புத் தகடு அடித்தது. ஏராவுக்கு, அதாவது அடி முதுகெலும்பு மரத்துக்கு, வேறொரு நோய். கப்பலின் நடுப்பகுதியை நீர் நன்றாகத் தாங்கும். அணியமும் அமரமும் ஒடுங்கலாக இருப்பதால் அங்கே தாங்கல் குறைவு. வருடங்கள் போகப் போக இரண்டு முனையும் கீழே தொய்ந்து ஏரா வில் போல வளைந்துவிடும்.

அப்படியானால் கரையில் ஏற்றி வைத்துவிடலாமே என்பீர்கள். ஏற்றினால் மரம் உலர்ந்து சுருங்கும், இடுக்கு விரியும், தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்த எடையெல்லாம் சில முட்டுகளின் மேல் இறங்கும். 1765-இல் நீரில் இறங்கிய நெல்சனின் விக்டரி கப்பல் 1922 முதல் போர்ட்ஸ்மத்தில் உலர்துறையில் நிற்கிறது. பழைய தாங்கிகள் அதன் உடலை அழுத்துவது தெரிந்து, அண்மையில் 134 புதிய முட்டுகள் கொடுத்தார்கள்.

டிரின்கோமலியின் கதைக்கு வருவோம். கடற்படைக்குத் தேவையில்லாமல் போய், 1897-இல் உடைப்பதற்கு விற்கப்பட்டது. வீட்லி காப் என்பவர் அதை வாங்கி, ஃபூத்ரொயான் என்று பெயர் மாற்றி இளைஞர் பயிற்சிக் கப்பலாக்கினார். அந்த வேலை 1986 வரை நடந்தது. 1987-இல் வட இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஏன் அங்கே? ஒரு காலத்தில் கப்பல் கட்டிய ஊர் அது. பட்டறைகள் மூடி, வேலையில்லாமல் கிடந்த ஊர். அங்கேதான் வாரியர் என்ற இரும்புப் போர்க்கப்பலைச் சீரமைத்து முடித்திருந்தார்கள். அந்தக் கைகள் கலைந்து போவதற்குள் அடுத்த கப்பல் வந்துவிட்டது. எனக்கு இந்தக் கதையிலேயே முக்கியமான இடம் இதுதான். 1990-இல் தொடங்கிய சீரமைப்பு 2001-இல் முடிந்தது. பழைய பெயரும் திரும்பி வந்தது. இன்றைக்கும் கப்பல் தண்ணீரில்தான் நிற்கிறது, மரத்தில் பாதிக்கும் மேல் வாடியா காலத்துத் தேக்கு.

இதோடு அதே வகையில் 1824-இல் ஓக் மரத்தால் கட்டிய யூனிகார்ன் கப்பலை ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்குப் பாய்மரமே பொருத்தவில்லை. மேலே ஒரு கூரை போட்டுச் சும்மா நிறுத்தி வைத்தார்கள். அந்தக் கூரைதான் அதைக் காப்பாற்றியது. ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் இன்னும் இருக்கிறது.

பலகையை மாற்றிக்கொண்டே போனால் அது பழைய கப்பல்தானா என்று ஒரு மாணவராவது கேட்பார். கேட்கட்டும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு செய்யும் கோயிலை நாம் புதுக் கோயில் என்றா சொல்கிறோம்? ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. எந்தப் பலகை பழையது, எது புதியது, எப்போது மாற்றியது என்று கப்பல்காரர்கள் எழுதி வைக்கிறார்கள். நாம் திருப்பணி என்ற பெயரில் பழைய மரக் கதவைக் கழற்றி எறிந்துவிட்டு இரும்புக் கிரில் மாட்டுகிறோம், ஒரு படம்கூட எடுத்து வைப்பதில்லை.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930-இல் கட்டிய அன்னபூரணி என்ற 89 அடிப் பாய்க்கப்பலை ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, தன் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் ஓட்ட, அது 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. தமிழ்த் தச்சர் கைவேலை அத்தனை கடலையும் தாங்கியது. இன்று அதற்குப் படமும் மாதிரியும்தான் மிச்சம்.

பேராக்கில் மரக்கப்பல் இல்லை. ஆனால் பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகும் சாலையில், 1938-இல் கட்டிய ஈயக் கப்பல், டி.டி.5, இருக்கிறது. மலாயில் காப்பால் கோரேக், தோண்டும் கப்பல். அந்தக் ‘காப்பால்’ நம் கப்பல்தான். ஏறத்தாழ 4,500 டன். 1982-இல் வேலையை நிறுத்தியது. மிதவைக்குள் நீர் புகுந்து ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு பழுது பார்த்து, மக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டார்கள். இரும்பானாலும் பாடம் ஒன்றே: தண்ணீர் எங்கே புகுகிறது என்று யாராவது தினமும் பார்க்க வேண்டும். தோட்டங்கள் மூடிய பிறகு மிஞ்சியிருக்கும் மரப் பொருள்களுக்கும், கோயில் வாகனம், பல்லக்கு, பழைய பள்ளி அலமாரி எல்லாவற்றுக்கும், முதல் தேவை ஒழுகாத கூரை.

ஈப்போ வட்டாரப் பள்ளிகள் ஒரு காலையில் டி.டி.5-க்குப் போய் வரலாம். போகும் முன் மாணவர்களிடம் இரண்டு பத்தி உள்ள ஒரு தாள் கொடுங்கள். முதல் பத்தியில் அவர்கள் அங்கே காணும் பாகங்கள். இரண்டாவதில், தோட்டத்தில் தச்சு வேலையோ பட்டறை வேலையோ செய்த தாத்தா பாட்டி அந்தப் பாகத்துக்கும் பழுதுக்கும் சொன்ன சொல். மலாய் கலந்திருந்தாலும் ஆங்கிலம் கலந்திருந்தாலும் திருத்த வேண்டாம், சொன்னபடியே எழுதச் சொல்லுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு வாக்கில் என்பதையும் ஓரத்தில் குறிக்கட்டும்.