மடிக்கணினித் திரையில் அசையாத புள்ளி: கண்டறிவதும் மாற்றித் தரக் கோருவதும் எப்படி?

மும்பை: மடிக்கணினித் திரையில் ஊசிமுனை அளவுள்ள ஒரு புள்ளி, துடைத்தாலும் அகலாமல் ஒரே இடத்தில் நின்றால், அது செயலிழந்த பிக்சலாக இருக்கக்கூடும். கணினி மற்ற எல்லா வகையிலும் இயங்குவதால் பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அப்புள்ளி எந்த நாளில் கவனிக்கப்பட்டது, எவ்வாறு பதிவு செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தே, திரை இலவசமாக மாற்றப்படுமா அல்லது செலவு முழுவதும் வாங்கியவர் மீது விழுமா என்பது பெரும்பாலும் முடிவாகிறது.

பிக்சல் என்பது என்ன?

திரையில் தெரியும் படம் மிக நுண்ணிய கட்டங்களால் ஆனது. ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்சல். ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று துணைப் பிக்சல்கள் உள்ளன. இன்று பரவலாக விற்கப்படும் 1920 x 1080 அளவுத் திரையில் 20,73,600 பிக்சல்கள் உண்டு; துணைப் பிக்சல்களின் எண்ணிக்கை 62 லட்சத்தைத் தாண்டும். எல்சிடி திரையில் இவை ஒவ்வொன்றையும் ஒரு நுண் டிரான்சிஸ்டர் இயக்குகிறது. அவற்றுள் ஒன்று பழுதானாலும் அந்த இடம் புள்ளியாகத் தெரியும்.

புள்ளிகளின் வகைகள்

எந்த நிறப் பின்னணியிலும் கருப்பாகவே நிற்பது செயலிழந்த பிக்சல். சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒரு நிறத்திலேயே உறைந்து நிற்பது சிக்கிய பிக்சல். எப்போதும் வெண்மையாக ஒளிர்வது மற்றொரு வகை.

இவற்றிலிருந்து வேறுபட்டது அழுத்தத் தழும்பு. விளிம்பு தெளிவற்ற வெளிர்ந்த திட்டாக அது தெரியும். காட்கோபர் நிலையத்தில் நெரிசல் நேரத்தில் புறநகர் ரயில் ஏறுவோரின் முதுகுப்பையில் உள்ள மடிக்கணினிக்கு இத்தகைய அழுத்தம் நேர வாய்ப்புண்டு. இது வெளிப்புறச் சேதமாகக் கருதப்படுவதால் வழக்கமான உத்தரவாதத்தில் அடங்குவதில்லை. எனவே இரண்டையும் பிரித்தறிவது அவசியம்.

வீட்டிலேயே சோதிக்கும் முறை

முதலில் கணினியை அணைத்து, சிறிதளவு ஈரமான மென்துணியால் திரையைத் துடைக்க வேண்டும். பின்னர் கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒரே நிறப் படங்களைத் திரை முழுவதும் ஒவ்வொன்றாகக் காட்டி உற்றுநோக்க வேண்டும்.

அடுத்து, கணினியை ஹெச்டிஎம்ஐ கம்பி வழியே தொலைக்காட்சியுடன் இணைக்கலாம். புள்ளி அங்கும் தோன்றினால் பழுது திரையில் இல்லை. வரைகலைப் பகுதியிலோ மென்பொருளிலோ இருக்கலாம். மடிக்கணினியில் மட்டும் தெரிந்தால் பழுது திரை சார்ந்தது. ஸ்கிரீன்ஷாட்டில் பிக்சல் பழுது பதிவாகாது என்பதால், கைப்பேசியால் திரையைப் படம் எடுத்து வைப்பதே சான்றாகும்.

சரிசெய்ய முடியுமா?

சிக்கிய பிக்சல் சில வேளைகளில் மீளக்கூடும். அந்த இடத்தில் நிறங்களை அதிவேகமாக மாற்றிக் காட்டும் மென்பொருள்கள் உள்ளன. பலன் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆயினும் திரைக்குத் தீங்கு நேரும் வாய்ப்பு குறைவு. கண்சிமிட்டும் ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்கள் அதனைப் பார்ப்பதைத் தவிர்க்க வேண்டும்.

விரலாலோ துணி சுற்றிய பென்சிலாலோ புள்ளியை அழுத்தும் முறையும் பரவலாகப் பேசப்படுகிறது. இது அருகிலுள்ள பிக்சல்களையும் கெடுத்து, உத்தரவாதத்தையும் இழக்கச் செய்யக்கூடும். முற்றிலும் செயலிழந்த கரும்பிக்சலைப் பழுதுநீக்க வழியில்லை. திரையை மாற்றுவதே தீர்வு.

உத்தரவாதத்தில் உள்ள சிக்கல்

ஒரே ஒரு புள்ளிக்காகத் திரையை மாற்றித் தரப் பல நிறுவனங்கள் முன்வருவதில்லை. எத்தனை புள்ளிகள் வரை பழுதாகக் கருதப்படாது என்ற வரம்பை அவை தங்கள் விதிகளில் வைத்துள்ளன. இவ்வழக்கத்தின் பின்னணியில் பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பின் வகைப்பாடு உள்ளது. 2001ஆம் ஆண்டின் ஐஎஸ்ஓ 13406-2 தரத்தின் இரண்டாம் வகுப்பு, பத்து லட்சம் பிக்சலுக்கு எப்போதும் ஒளிரும் பிக்சல் 2, எப்போதும் இருண்ட பிக்சல் 2, பழுதான துணைப் பிக்சல் 5 என அனுமதித்தது. 2008இல் ஐஎஸ்ஓ 9241-307 அதன் இடத்தைப் பெற்றது.

நிறுவனத்துக்கு நிறுவனம் வரம்பு மாறுவதால், வாங்குமுன் பிக்சல் பழுது குறித்த விதியை எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. உத்தரவாதக் காலம் நீண்டிருந்தாலும், விற்பனையாளர் பொருளைத் திரும்பப் பெறும் கெடு சில நாட்களே. ஆகவே பெட்டியைப் பிரித்த அன்றே நிறச் சோதனையைச் செய்து முடிக்க வேண்டும்.

எங்கு முறையிடலாம்?

விற்பனையாளரோ நிறுவனமோ மறுத்தால், அம்மறுப்பை மின்னஞ்சலில் பெற வேண்டும். பின்னர் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

அதிலும் தீர்வு கிடைக்காவிடில், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்தில் புகார் அளிக்கலாம். பொருளின் தரத்தில் உள்ள குறையும் இச்சட்டத்தில் பழுது என்ற வரையறைக்குள் அடங்கும். பொருளை வேறு நகரிலோ இணையத்திலோ வாங்கியிருந்தாலும், தாம் வசிக்கும் இடத்திலேயே புகார் அளிக்கச் சட்டம் இடமளிக்கிறது. காட்கோபர்வாசிகளுக்கு உரியது பாந்திரா கிழக்கில் உள்ள மும்பை புறநகர் மாவட்ட ஆணையம். பொருளுக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காகக் கணினி வாங்கியவரும் நுகர்வோரே.

வெளியே மாற்றுவோர் கவனத்துக்கு

உத்தரவாதம் முடிந்தவர்கள், தாதரில் ரயில் மாறி கிராண்ட் ரோடு சென்றால், மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற லேமிங்டன் சாலையை அடையலாம். மடிக்கணினியின் மாதிரி எண் மட்டும் போதாது. ஒரே மாதிரியில் வெவ்வேறு திரைகள் பொருத்தப்பட்டிருக்கலாம் என்பதால், திரையின் பின்புறத்தில் அச்சிடப்பட்ட எண்ணைப் பார்த்தே புதியதை வாங்க வேண்டும். அளவு, பிக்சல் எண்ணிக்கை, இணைப்பின் 30 அல்லது 40 முனைகள் ஆகியவை பொருந்த வேண்டும்.

புதிய திரையைப் பொருத்தியதும், பணம் செலுத்தும் முன் அங்கேயே ஐந்து நிறச் சோதனையை மீண்டும் செய்வது நல்லது. ரசீதில் திரையின் எண்ணையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதி வாங்க வேண்டும். கழற்றிய திரையைக் குப்பையில் வீசாமல் மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும். பழைய குழல்விளக்கு வகைத் திரைகளில் பாதரசம் உள்ளது. மாற்றுச் செலவை அறிந்த பின், திரையின் ஓரத்தில் உள்ள ஒற்றைப் புள்ளியை அப்படியே விட்டுவிடுவதும் நியாயமான முடிவே. ஒரு புள்ளி பழுதானதால் அருகிலுள்ளவையும் பழுதாகும் என்பதில்லை.