லட்சுமியின் கூடையும் வடிகஞ்சியும்: 1943இன் கல்கத்தா பற்றிச் சில குறிப்புகள்

வங்காள இந்து வீடுகளின் பூசையறையில் 'லக்ஷ்மீர் ஜாம்பி' என்றொரு சிறு பிரம்புக் கூடை இருக்கும். உள்ளே நெல், சோழி, சில நாணயங்கள். எளிதில் எடுத்துச் செலவழிக்கக் கூடாத இருப்பு அது. சமையலறையில் 'ஜாலா' எனப்படும் பெரிய மண்சாடி. கிராமத்து வீடென்றால் முற்றத்தில் 'கோலா', அதாவது நம் நெற்குதிர். உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை ஒதுக்கிவைக்கும் வழக்கமும் அங்கு உண்டு. நம் பிடியரிசிதான்; அவர்கள் 'முஷ்டி சால்' என்பார்கள். பஞ்சகாலத்துக்கான முன்னேற்பாடு என்று இன்று நாம் பேசுவதெல்லாம் அந்த வீடுகளில் ஏற்கெனவே பெண்களின் அன்றாட ஒழுக்கமாக இருந்தது. அப்படிப்பட்ட நிலத்தில், 1943இல் இந்த ஒழுக்கம் யாரைக் காத்தது, யாரைக் காக்கவில்லை என்பதே இக்குறிப்புகளின் கேள்வி.

முதலில் விலை. 1942 டிசம்பர் 11 அன்று கல்கத்தாவில் அரிசியின் மொத்த விலை மணங்கு ஒன்றுக்கு 13 முதல் 14 ரூபாய். 1943 மார்ச் 12இல் 21 ரூபாய். மே 21இல் 30ஐத் தாண்டியது. ஆகஸ்ட் 20இல் 37. வங்காள மணங்கு ஏறத்தாழ 37 கிலோ. ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஆளுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ உண்பதாகக் கொண்டால் மாதத்துக்கு இரண்டு மணங்கு வேண்டும். டிசம்பரிலேயே இரண்டு மாத அரிசியை வாங்கிச் சாடியை நிரப்பிய வீட்டுக்கு மொத்த விலையில் 54 ரூபாய் ஆகியிருக்கும். அதே அரிசிக்கு ஆகஸ்டில் 148 ரூபாய். முன்யோசனை உள்ள இல்லத்தரசி என்று அவளைப் பாராட்டலாம். பாராட்டும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம்: டிசம்பரில் அந்த 54 ரூபாய் அவள் கையில் மொத்தமாக இருந்தது.

அது அச்சத்தின் மாதமும்கூட. 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்ததும் பர்மா அரிசி நின்றுபோயிற்று. அக்டோபரில் மேதினிபூரைப் புயல் அழித்தது. டிசம்பர் 20 அன்று கல்கத்தாவின் மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. தானியக் கடைகள் பல மூடப்பட்டன. ஒரு வாரத்துக்குள் அரசே நகர வணிகர்களின் அரிசி இருப்பைக் கைப்பற்றியது. இந்தச் சூழலில் வாங்க முடிந்தவர் வாங்கிவைத்ததைப் பேராசை என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டின் நியாயமான அச்சமும் ஒரே சந்தையில்தான் போய் விழுந்தது. நிறுவனங்களும் அவ்வாறே செய்தன. வங்காள வர்த்தக சபை 1942 ஆகஸ்டிலேயே ஓர் உணவுத் திட்டம் வகுத்துத் தொழிற்சாலை ஊழியர்களுக்குக் குறைந்த விலையில் தானியம் கிடைக்க வழிசெய்தது. போருக்கு இன்றியமையாதவர் என எண்ணப்பட்டவர்களின் சாடி இப்படி நிரம்பியது. மாகாணத்தின் மற்ற வாய்களுக்குச் சந்தையில் எஞ்சியதுதான்.

அந்த மற்றவர்கள் யார்? அமர்த்திய சென் 1981இல் வெளியிட்ட ஆய்வில் மிகக் கடுமையாகத் தாக்கப்பட்டோர் என அடையாளம் காட்டுபவர்கள் மீனவர்கள், போக்குவரத்துத் தொழிலாளர்கள், விவசாயக் கூலிகள், நெல் குற்றுவோர். இறுதியாகச் சொன்னவர்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 'டேங்கி' எனப்படும் மிதி உலக்கையில் பிறர் வீட்டு நெல்லைக் குற்றிக் கொடுத்துக் கூலி பெற்றவர்கள் பெரும்பாலும் ஏழைப் பெண்கள். விதவைகளும் அவர்களுள் பலர். வங்காளத்து அரிசி அவர்கள் காலடியில்தான் அரிசியாயிற்று. குற்றக் கொடுப்பவர் இல்லாத நாளில் கூலி இல்லை. பிடியரிசி ஒதுக்க முதலில் உலையில் அரிசி வேண்டும் என்பது இவர்கள் விஷயத்தில் சொல்லாட்சி அன்று, கணக்கு.

1943 ஏப்ரல் இறுதியில் நசிமுத்தீன் அமைச்சரவை வந்தது. குடிமைப் பொருள் அமைச்சர் சுஹ்ரவர்தி அரிசிப் பற்றாக்குறை இல்லை, பதுக்கலே காரணம் என்ற நிலைப்பாட்டை எடுத்தார். ஜூனில் 'உணவு இயக்கம்' தொடங்கியது. ஊர்தோறும் இருப்பைக் கணக்கெடுப்பது, மிகுதியானதை வெளிக்கொணர்வது, இல்லாதவருக்குக் கடனாகவோ விலைக்கோ கொடுக்கச் செய்வது என்பவை நோக்கங்கள். தாளில் பார்த்தால் நல்ல திட்டம். ஆனால் கல்கத்தாவும் ஹவுராவும் முதலில் விலக்கப்பட்டிருந்தன. ஆகஸ்டில்தான் சோதனை அங்கு வந்தது. மாகாணத்தின் பெருவணிகர்கள் எங்கே இருந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கிராமத்துக் குதிரைத் திறந்து பார்த்த அரசு நகரத்துக் கிடங்கைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டிருந்தது.

வங்க மொழியில் 'மஜுத்' என்றால் இருப்பு. 'மஜுத்தார்' என்றால் பதுக்கல்காரன். நேற்றுவரை குடும்பப் பொறுப்பின் பெயராக இருந்த சொல்லிலிருந்தே குற்றவாளியின் பெயரும் பிறந்துவிடுகிறது. எத்தனை மணங்கில் சேமிப்பு முடிந்து பதுக்கல் தொடங்குகிறது என்பதை வீடு தீர்மானிக்க முடியாது. அரசு தீர்மானித்திருக்க வேண்டும்; அதற்கு அரசு தன் கையில் இருப்பு வைத்திருக்க வேண்டும். அது இல்லாதபோது பழியை மட்டும் பகிர்ந்தளித்தது.

ஜூலை முதல் கிராமங்கள் நகரை நோக்கி நடந்தன. கல்கத்தாத் தெருக்களில் கேட்ட குரல் சோறு கேட்கவில்லை. "ஃபேன் தாவ்" என்றது. ஃபேன் என்பது வடிகஞ்சி. சோறு கேட்டால் கிடைக்காது என்று அறிந்தவர்களின் கோரிக்கை அது. வசதியான வீடுகளில் கொட்டப்படுவது அல்லது மாட்டுக்குப் போவது அதுவே. இங்கு ஒரு கசப்பான கணக்கும் உண்டு: ஒரு நடுத்தர வீடு தன் சிக்கனத்தை இன்னும் ஒரு படி கூட்டிக் கஞ்சியையும் தானே குடிக்கத் தொடங்கினால் வாசலில் நிற்பவளுக்கு அதுவும் இல்லை. தகரக் குவளையும் மண்சட்டியுமாக நின்ற இந்த உருவங்களை ஜைனுல் ஆபெதின் மலிவான பொட்டலத் தாளில் கறுப்பு மையால் வரைந்தார். சித்தப்பிரசாத் மேதினிபூர் சென்று வரைந்து எழுதிய நூலின் பிரதிகளை அரசு கைப்பற்றி அழித்தது. தமிழ் வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டிய பெயர் ஒன்றும் உண்டு: 'தி இந்து' நாளிதழின் டி.ஜி. நாராயணன். வங்காளத்தைச் சுற்றிப் பார்த்து அவர் எழுதிய ஆங்கில நூல் 1944இல் கல்கத்தாவிலேயே வெளியாயிற்று. நம் பஞ்ச வரலாற்று வாசிப்புகளில் அது போதிய அளவு எடுத்தாளப்படவில்லை என்பது என் குறை.

இன்னொரு வழியை உணர்ந்தவர்கள் பெண்களே. 1943 மார்ச்சில், பஞ்சம் தெருவுக்கு வருமுன்பே, மகிளா ஆத்மரக்ஷா சமிதியின் ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் அரிசி கேட்டுச் சட்டசபைக்குச் சென்றனர். வீட்டுச் சாடியின் காவலர்கள் சாடி வீட்டுக்குள் தீர்க்கக்கூடிய விஷயமன்று என்று அறிவித்த தருணமாகவே அதை நான் வாசிக்கிறேன்.

அந்த அக்டோபரிலும் கோஜாகரி முழுநிலவு வந்தது. 'யார் விழித்திருக்கிறார்?' என்று கேட்டபடி லட்சுமி வீடுவீடாக வருவாள் என்பது நம்பிக்கை. அதே மாத இறுதியில், நடைபாதைகளில் இருந்த ஆதரவற்றோரை நகரைவிட்டு அப்புறப்படுத்த அவசரச் சட்டம் வந்தது.

பம்பாயில் 1943 மே மாதமே தொடங்கிவிட்ட பங்கீட்டு முறை கல்கத்தாவுக்கு 1944 ஜனவரி 31இல்தான் வந்தது. அதற்குள் நல்ல அமன் அறுவடையும் ஆகிவிட்டிருந்தது. விசாரணைக் குழு 15 லட்சம் என்றும் சென் ஏறத்தாழ 30 லட்சம் என்றும் மதிப்பிட்ட மரணங்களுள் பெரும்பகுதி கிராமங்களில் நிகழ்ந்தவை. அவற்றுள் பல, விலை இறங்கிய பிறகும் காலராவாலும் மலேரியாவாலும் நேர்ந்தவை. பங்கீட்டு அரிசி நாறுகிறது, கல் கலந்திருக்கிறது என்ற முறையீடுகள் நகரத்தில் எழுந்தன. முறையிட ஓர் அட்டை கையில் இருந்தது. நெல் குற்றிய பெண்ணுக்கு அந்த அட்டை கிடையாது; அது கல்கத்தா முகவரி உள்ளவர்களுக்கானது.